நாடா ஓடும் வரிசை

மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் இருந்த சர்வர் காலையிலேயே கையை விரித்துவிட்டது. நகல்கள் மட்டும் காந்த நாடாக்களில் பத்திரமாக இருந்தன. அவற்றை மீட்கும் பொறுப்பு கணினிப் பிரிவில் இருந்த தங்கையின் தலையில் விழுந்தது. அவளுடைய அக்கா, மேல்மாடி அறுவை அரங்கில் செவிலி.

அக்கா போனில் கூப்பிட்டாள். "ஒரு பஸ் டிரைவர். மண்டைக்குள்ள ரத்தக்கசிவு. போன ஆபரேஷன்ல எங்க தைச்சாங்கன்னு தெரியாம கைவைக்க மாட்டேங்கிறார் டாக்டர். பழைய படம் எப்போடி வரும்?"

"இப்படியே போனா நாளைக்குத்தான்."

"அவரால அவ்வளவு நேரம் தாங்க முடியாது."

தங்கை நாடா இயந்திரத்தின் பக்கம் காதைத் திருப்பினாள். ஓடும், நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி ஓடும். நோயாளிகளின் எண் வரிசையில் படங்களைத் தரும்படி இயந்திரத்துக்குக் கட்டளை கொடுத்திருந்தார்கள். நாடாவிலோ அவை எடுக்கப்பட்ட நாள் வரிசையில் கிடந்தன.

"சார், இதை நிறுத்தப் போறேன்" என்றாள் பக்கத்தில் நின்ற மேலாளரிடம்.

"பாதி வந்தாச்சும்மா. நிறுத்தினா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"வந்த படங்கள் எங்கேயும் போகாது சார். இப்போ நாம உப்புக்கு ஒரு தடவை, சர்க்கரைக்கு ஒரு தடவைன்னு ஒரே கடைக்கு நடந்துட்டிருக்கோம். இன்னைக்கு ஆபரேஷன் இருக்கறவங்க படம் மட்டும் போதும். நாடாவுல இருக்கற வரிசையிலேயே கேட்டா ஒரே ஓட்டத்துல வந்துடும்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "செய்."

பழைய பட்டியலை நிறுத்திவிட்டு, அறையில் இருந்த எல்லா நாடா இயந்திரங்களிலும் நாடாக்களைப் பகிர்ந்து போட்டாள். இப்போது அவை இழுபறி இல்லாமல் ஒரே சீராக ஓடின. ஓட்டுநரின் படங்கள் இருந்த நாடா மட்டும் நடுவில் பிழை காட்டி நின்றது. துப்புரவு நாடாவை உள்ளே ஓட்டி இயந்திரத்தின் படிக்கும் முனையைச் சுத்தம் செய்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது. நாடாவை வெளியே எடுத்து அடுத்த இயந்திரத்தில் செருகினாள். படித்தது.

போனில் அக்காவை அழைத்தாள். "படம் வந்தாச்சு அக்கா, திரையைப் பாரு."

எதிர்முனையில் யாரோ டாக்டரை அழைக்கும் குரல் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மதியத்துக்கு மேல் அக்கா முகக்கவசம் தாடையில் தொங்க வந்து நின்றாள். "தப்பிச்சுட்டார்டி. நீ ஏதாவது சாப்பிட்டியா?"

"அப்புறம் சாப்பிடுறேன். நாளைக்கு யார் யாருக்கு ஆபரேஷன்னு சொல்லு, அவங்க படத்தை இப்பவே எடுத்துடலாம்."

மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அலமாரியிலிருந்து அடுத்த நாடாவை எடுத்தார். "இது எந்த மிஷின்ல போகணும்மா?"