ரஷ்யக் கிழவர் வண்டியேறிய அத்தியாயம்

அந்த அத்தியாயம் வாசிக்கப்பட்ட காலையில் எங்கள் காளவாசல் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்லத்தாய், மகன் ராஜபாண்டி, மருமகள் பவதாரிணி. வேறு யாரும் இல்லை.

எனக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்தது. கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கல்லூரியில் பாடம் நடத்தும் பவதாரிணிக்கு அப்போது விடுமுறை. தமிழில் வந்த ஒரு ரஷ்ய நாவலை எனக்கு வாசிக்கத் தொடங்கினாள். தலையணைப் பருமன் புத்தகம்.

முதல் நாளே எரிச்சல் வந்தது. "ஏம்மா, ஒரு ஆளுக்கு எம்புட்டுப் பேரு? இப்பச் செத்தவன் யாரு?"

"இன்னும் யாரும் சாகல மாமா."

"அப்ப இம்புட்டு நேரம் என்னதான் நடந்துச்சு?"

"டீ குடிச்சாங்க."

அந்த நாட்டில் மதிப்பாக அழைப்பதென்றால் ஒருவர் பெயரோடு அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள் என்று அவள் விளக்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சண்டைக்கு வந்தவன்கூட அப்பா பெயரை விடவில்லை. மரியாதை தெரிந்த மக்கள்.

என் அப்பா பேயாண்டி அடுத்தவர் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவர் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' என்று அச்சில் வர, நானும் தம்பியும் படித்து உத்தியோகத்துக்குப் போக வேண்டியிருந்தது. மேலூரில் இருக்கும் அந்தத் தம்பி பேச்சிமுத்து, மூத்த மகள் கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் 'அவர்கள்' போட்டான். அப்பாவுக்கு இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றான். படித்துப் பார்ப்பது அச்சகத்தின் வேலையா? அன்றோடு பேச்சு நின்றது.

இப்போது இளைய மகள் கல்யாணம். தட்டோடு வந்து, "அண்ணே, நீங்க வரலன்னா மேடையில எனக்கு யாருண்ணே இருக்கா?" என்று நின்றான். தட்டை வாங்கிக்கொண்டேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

நாவலிலும் ஒரு கிழவர். பண்ணையார். எல்லைத் தகராறில் தம்பியோடு பேச்சை முறித்தவர். "கிறுக்குப் பிடிச்ச மனுசன்" என்பாள் செல்லத்தாய், வெங்காயம் உரித்துக்கொண்டே. யாரைச் சொன்னாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் கிழவர் கட்சி. தட்டில் இட்லி விழும் முன்பே, "அந்த ஆளு என்னம்மா ஆனாரு?" என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

மேலூர்க் கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை. நாவலிலும் கிழவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. வாசலில் குதிரை பூட்டிய பனிவண்டி நிற்கிறது. கிழவர் ஏறி உட்கார்ந்து, "ஓட்டு, தம்பி வீட்டுக்கு" என்றார் என வாசித்தாள் பவதாரிணி.

அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூட ஒருவரை அப்பா பெயர் சேர்த்து அழைக்கவில்லை. வண்டிக்காரன் வெறுமனே 'ஐயா' என்றான். பக்கம் திருப்பும் சத்தமும் இல்லை. அது ரஷ்யாவில் எழுதியதல்ல, என் கூடத்தில் அப்போதுதான் உண்டாகிறது என்று புரிந்தது.

கோபம் வந்தது. வாயையும் திறந்துவிட்டேன். அவள் குரல் லேசாக நடுங்கியது. என் அப்பாவைப் பார்த்தே இராத பெண். இந்தக் குடும்பம் மேடையில் முழுதாக நிற்க வேண்டுமென்று ஒரு ரஷ்யரையே வண்டியேற்றியிருக்கிறாள். அவளை மாமியார் முன்னால் பொய்க்காரியாக நிறுத்துவது என் வீட்டுக்கு அழகா?

"ராஜபாண்டி, காரை எடு. மேலூர் போகணும்."

"கல்யாணம் நாளைக்குத்தானப்பா?"

"பெரியப்பன் முந்தின நாளே போய் நிக்கணும்டா."

மண்டப வாசலில் பேச்சிமுத்து "வாங்கண்ணே" என்று ஓடி வந்தான்.

"அப்பா படத்தை எங்கடா வச்சிருக்க?"

"மேடையிலண்ணே. நடுவுல."

கறுப்புக் கண்ணாடியோடு ஏறிப் பார்த்தேன். நடுவில்தான் இருந்தது.

கண் சரியானதும் அந்தப் பக்கங்களை நானே படித்தேன். புத்தகத்தில் கிழவர் குதிரைகளை அவிழ்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார். தம்பியைப் பார்க்காமலே சாகிறார். எழுதியவர் பெரிய ஆளாக இருக்கலாம். அந்த இடத்தில் என் மருமகள் சொன்னதே மேல்.

மருமகள் கதையை மாற்றி வாசித்து, என்னை ஏமாற்றி மேலூருக்கு அனுப்பினாள் என்று சொந்தபந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் ஏமாறவில்லை. தெரிந்துதான் போனேன்.