அம்மாவின் எச்சில்

கிள்ளான் போலீஸ் நிலையத்தில் அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சார்ஜன் திருச்செல்வம் கையுறை மாட்டி, பஞ்சு சுற்றிய குச்சியோடு நின்றார். மேருவில் பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலை ஒன்றின் பின்னால், புதருக்குள் ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்திருந்தன. முகம் என்று எதுவும் மிச்சமில்லை. நீலச் சட்டை மட்டும் கொஞ்சம் இருந்தது. அம்மாவின் எச்சிலோடு ஒத்துப் பார்த்தால் அது ரேமண்ட் அண்ணனா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நீலச் சட்டையோடு வெளியே போன அண்ணன் காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. காதுக்குள் ஆட்கள் பேசுகிறார்கள் என்பான். மாத்திரை போட்டால் பேச்சு நிற்கும், ஆனால் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அதனால் மாத்திரையைத் துப்பிவிடுவான். முன்பும் நாலைந்து முறை போயிருக்கிறான். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தபோது, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று என்னையே திட்டினான்.

"வலிக்காது லா ஆன்டி. ஒரு நிமிஷ வேலதான்," என்றார் சார்ஜன்.

அம்மா பேசுவதற்கு மட்டும் வாயைத் திறந்தாள். "அது அவன்தான்னு வந்துட்டா ஃபைல க்ளோஸ் பண்ணிருவீங்க. அப்புறம் எம்புள்ளய யாரு தேடுவா?"

இப்போது மட்டும் யார் தேடிக் கிழிக்கிறார்களாம். நான்தான் ஞாயிறுதோறும் கடைவாசல்களில் படுத்திருப்பவர்களின் போர்வையை விலக்கிப் பார்த்து ஏச்சு வாங்குகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. அது அண்ணனாகவே இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

"ஆட்ரி, வா, வீட்டுக்குப் போலாம்," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மாதா கோயில் பூசையில் நன்மை வாங்கும்போது, இயேசுவின் உடலாகத் தரும் அந்த அப்பத்தை அம்மா கையால் தொடமாட்டாள். கண்ணை மூடி நாக்கை நீட்டுவாள், சாமியார்தான் வைக்க வேண்டும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"நன்மை வாங்குற மாதிரி நெனச்சுக்கம்மா," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். இதையும் இதற்கு இழுக்கிறாயா என்று கேட்கிற பார்வை. பிறகு கைகளைக் கூப்பினாள். கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். சார்ஜன் கன்னத்தின் உட்புறம் குச்சியைத் தேய்த்து எடுத்து, குழாயில் போட்டு மூடினார்.

"முடிஞ்சிருச்சு ஆன்டி."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. வெறும் நாக்கை நீட்டியபடியே காத்திருந்தாள்.