தம்பி கொடுத்த டப்பா

ஊரார் மலத்தைக் கரைத்து, அதில் குடியிருக்கும் கிருமிகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் அவள் பிழைப்பு. சில கிருமிகள் அளவுக்கு மீறினால் குடலுக்குள் சதை மொட்டுகள் இருக்கலாம், விட்டுவைத்தால் அவை புற்றாகலாம். அப்பா அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். அதனால் சோதனைக்கு மலம் வாங்காமல் தம்பியை அவள் விடுவதாக இல்லை.

“ஏன்க்கா, கேக்கறதுக்கு வேற பொருளே கிடைக்கலையா உனக்கு?” என்று நழுவியவன், ஒரு நாள் டப்பாவை அவள் கையில் திணித்துவிட்டு ஓட்டமெடுத்தான்.

முடிவை அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். அந்தப் பொல்லாத கிருமி எக்கச்சக்கமாக இருந்தது. உடனே குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார் டாக்டர். தம்பியோ இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வருஷத்தை ஓட்டினான். கெஞ்சிப் பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். கடைசியில் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளே கூட்டிப்போனாள்.

குடல் சுத்தமாக இருந்தது. ஒரு மொட்டுகூட இல்லை.

“உன் சோம்பேறித்தனத்தைப் பாத்து கிருமியே வீட்டைக் காலி பண்ணிடுச்சுடா!” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, அந்த டப்பா என்னோடது இல்ல.”

“பின்னே?”

“எனக்குக் கூச்சமா இருந்துச்சு. என் பொண்டாட்டிதான், ‘இதுக்கா இவ்வளவு பாடு, நான் தரேன்’னா.”

“முடிவு வந்தப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமேடா!”

“நீ திட்டுவியோன்னு பயந்தேன். அவங்க வீட்டுல யாருக்கும் இந்த நோய் கிடையாதே, மெஷின்தான் தப்பா காட்டுதுன்னு நெனச்சிட்டேன்.”

அந்தப் பாழாய்ப்போன பயத்தால் ஒரு வருஷம் போயிருந்தது. அதே வாரம் அவன் மனைவிக்குக் குழாய் விட்டார்கள். பாதி வழிக்கு மேல் அது போகவில்லை. குறுக்கே வளர்ந்து நின்ற கட்டி மொட்டுப் பருவத்தை என்றோ தாண்டியிருந்தது.

“போன வருஷமே வந்திருந்தா மொட்டா இருக்கும்போதே வெட்டி எடுத்திருக்கலாம்,” என்றார் டாக்டர். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மயக்கம் தெளிந்த தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாயில் என்ன தெரிந்தது என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“அண்ணி, டப்பா விஷயம் தெரிஞ்சுபோச்சா? அவரைத் திட்டாதீங்க. அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சில்ல, அது போதும்.”