மஞ்சள் கோட்டுக்குள் சாம்சன்

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு பங்குனி மாதத்தில், பென்னலூரைத் தாண்டி இருந்த கார் சீட் தொழிற்சாலையின் தேக்குத் தோப்பில், சூப்பர்வைசர் கண்ணப்பனின் வலது கால் ஷூவை மண் தின்றது. தோலை மட்டும்தான் தின்றது. நைலான் நாடாவையும் இரும்பு வளையங்களையும் மீன் முள்ளை ஒதுக்குவதுபோல ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. அதே வாரத்தில் யாரோ தவறவிட்ட பருத்திக் கைக்குட்டை போயிற்று. டிபன் பாக்ஸ் இருக்க, உள்ளே இருந்த தயிர் சாதம் போயிற்று. சார்த்தி வைத்த தென்னந்துடைப்பங்கள் போயின. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த எதுவானாலும் தோப்பு தின்றது, பிளாஸ்டிக்கைச் சீண்டவில்லை.

அந்த இடம் முன்பு வேர்க்கடலை விளைந்த சாம்சனின் நிலம். வாங்கிய கம்பெனி, சாம்சனைத் தோப்புக்கு வாட்ச்மேனாகவும், அவர் மனைவி லூர்தம்மாளைத் தோப்பைக் கூட்டவும் வேலைக்கு வைத்துக்கொண்டது. மரம் நட்டால்தான் ஆலைக்கு அனுமதி என்றதால் தேக்கு நட்டிருந்தார்கள். ஆலைக்குள் ஃபைவ் எஸ் என்றொரு சட்டம் இருந்தது. ஸ்பேனரோ ஸ்டூலோ, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம், சுற்றி மஞ்சள் கோடு, மேலே பெயர்ப்பலகை. கோட்டுக்கு வெளியே கிடப்பதெல்லாம் குப்பை. நல்ல சட்டம்தான், தோப்புக்கும் அதை நீட்டியதில்தான் வினை வந்தது. தேக்கு கோடைக்குக் கோடை தாம்பாளம் அளவு இலைகளாகக் கொட்டும். லூர்தம்மாள் ஒன்று விடாமல் கூட்டி மதிலுக்கு வெளியே கொளுத்தினார். அதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. பழுத்த இலை தானாக விழும்வரை பொறுக்காமல் துரட்டியால் பறித்துப் போடுவார். கம்பெனி அவருக்குக் கேடயம் கொடுத்தது.

மரம் மண்ணிடம் வாங்கித் தின்றதை இலையாகத் திருப்பிப் போடும், அது மக்கி மறுபடி மண்ணுக்குச் சோறாகும் என்பது கடலை போட்ட சாம்சனுக்கும் தெரியும், காலேஜ் படித்த கண்ணப்பனுக்கும் தெரியும். கேடயம் என்று வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. வருஷத்துக்கு வருஷம் இலை சிறுத்தது. தாம்பாளம் உள்ளங்கையாகி, உள்ளங்கை புளியிலையாயிற்று. மூட்டை மூட்டையாக யூரியா கொட்டிப் பார்த்தார்கள். அடுத்த மழையில் அதுவும் கரைந்து சாக்கடைக்குப் போயிற்று.

சித்திரையில் ஒரு மத்தியானம் சாம்சன் பூட்ஸைக் கழற்றிவிட்டு மரத்தடியில் கண்ணயர்ந்தார். எழுந்து நின்றவர், நின்ற வாக்கிலேயே முழங்கால்வரை இறங்கினார். வெல்டிங் லைனே ஓடிவந்து இழுத்தது. ஃபோர்க்லிஃப்டில் பெல்ட் கட்டித் தூக்கினார்கள், பெல்ட் அறுந்தது. கடப்பாரை போட்டதும் மண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. அது சாம்சனுடையதா, மண்ணுடையதா என்று சொல்ல யாராலும் முடியவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். துடைப்பமும் கையுமாக வந்த லூர்தம்மாள் அவர் எதிரே குந்தினார்.

"வலிக்குதாய்யா?" என்று கேட்டார்.

"வலிக்கல லூர்து. கொழந்த பால் குடிக்கிற மாரி சப்பிக்கினு கீது" என்றார் சாம்சன்.

கம்பெனி அதிர்ச்சி தெளிய ஒரு ஷிப்ட் எடுத்துக்கொண்டது. மறுநாள் காலை கண்ணப்பன், சாம்சனைச் சுற்றி மஞ்சள் பெயின்ட்டால் சதுரம் போட்டு, 'வாட்ச்மேன் - 1' என்று பலகை நட்டார். வேளைக்குச் சோறும் டீயும் வந்தன. சாம்சன் இருந்த இடத்திலிருந்தே வாட்ச்மேன் வேலை பார்த்தார். ஆனால் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தார். ஆனி பிறந்தபோது தொடைவரை மண்.

லூர்தம்மாள் கூட்டுவதை நிறுத்தவில்லை. பழக்கம் அப்படி. ஒரு நாள் புருஷனின் தொடையோரம் ஒட்டிக்கிடந்த ஒரு சருகை எடுக்கக் குனிந்தவர், அதன் அடியில் மட்டும் மண் பிடி தளர்ந்து பொலபொலவென்று இருப்பதைப் பார்த்தார். சருகை எடுத்தார், மண் இறுகியது. வைத்தார், தளர்ந்தது. இத்தனை வருஷமும் கட்டின புருஷனைத் தன் கையாலேயே மண்ணுக்குள் கூட்டித் தள்ளியிருக்கிறோம் என்று புரிந்ததும் துடைப்பத்தை அங்கேயே விட்டெறிந்தார்.

"லூர்தம்மா, ஃபைவ் எஸ் ஆடிட் வருது. ஒரு எல கெடக்கக்கூடாது" என்றார் கண்ணப்பன்.

"எலய எடுத்தா எம் புருசன் போய்டுவாரு சார்."

கண்ணப்பன் கெட்டவர் இல்லை, பயந்தவர். வேறு ஆட்களை வைத்து ஆடிட்டுக்கு முந்தின நாள் தோப்பைக் கூட்டித் துடைத்துவிட்டார். சாம்சன் மார்புவரை இறங்கினார். மூச்சு விடவே திணறினார். மறுநாள் வந்த ஆடிட்டர்கள் அந்த மார்பையும் தலையையும் பார்த்தார்கள், மஞ்சள் சதுரத்தைப் பார்த்தார்கள், பலகையைப் படித்தார்கள். கோடும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். புருஷனை மண் பிடித்த அன்றுகூட லூர்தம்மாள் இப்படி அதிர்ந்துபோகவில்லை.

அன்று ஆடிக் கிருத்திகை. லூர்தம்மாள் மினி லாரி பிடித்து வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போனார். அங்கே அன்னதானப் பந்தியை மேற்பார்த்த ரகுபதியிடம் எச்சில் இலைகளையெல்லாம் கேட்டார்.

"எடுத்துக்கினு போம்மா. உங்க ஏசு கோச்சிக்க மாட்டாரா?" என்றார் ரகுபதி, அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்து.

"கேட்டாருன்னா நான் சொல்லிக்கிறேன்."

பொழுது சாய்வதற்குள் லாரி இலை முழுவதையும் தோப்பில் கொட்டினார்கள். மண் தின்ற சத்தம் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்வரை கேட்டது. சாம்சன் மெல்ல மெல்ல முழங்கால்வரை மேலே வந்தார். ஆனால் வாழையிலை எத்தனை நாள் தாங்கும்? ஒரு வாரத்தில் மறுபடி இறங்க ஆரம்பித்தார். தினம் கிருத்திகை வராதே.

அப்போதுதான் லூர்தம்மாள் பெயின்ட் டப்பாவைக் கேட்டு வாங்கினார். தோப்பின் நான்கு பக்கமும் குனிந்து குனிந்து தன் கையால் மஞ்சள் கோடு இழுத்தார். பிறகு கண்ணப்பனைக் கூப்பிட்டு ஒரு பலகையை நீட்டினார்.

"எல-ன்னு எழுதுங்க சார்."

கண்ணப்பன் 'இலை' என்று எழுதி, கோட்டுக்குள் நட்டார். அதோடு தோப்பில் விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடந்தது. அடுத்த ஆடிட்டிலும் முழு மதிப்பெண்தான்.

தேக்கிலை லேசில் மக்காது. முதல் மழையில் ஊறியது, அடுத்த கோடையில் நொறுங்கியது, கரையான் வந்தது, மண்புழு வந்தது. புளியிலை உள்ளங்கையாயிற்று. சாம்சன் தொடையும் முழங்காலும் தெரிய, காய்கறி விலையும் கிரிக்கெட்டும் விசாரித்துக்கொண்டு நின்றார். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஐப்பசி மழையில் தாம்பாளம் அளவு இலை ஒன்று அவர் தோளில் விழுந்தது. மண் அவரை விட்டது. லூர்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துபோனார்.

மறுநாள் காலை பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியவரை லூர்தம்மாள் வாசலில் மறித்தார்.

"இன்னும் அதுக்குப் பசி அடங்கல லூர்து. ஜெனரல் ஷிப்ட் மட்டும் நின்னுட்டு வந்துடறேன்" என்றார் சாம்சன்.

லூர்தம்மாள் வழியை விட்டார். சாம்சன் போய்க் கணுக்கால்வரை காலை மண்ணில் வைத்து நின்றார். சாயங்காலச் சங்கு ஊதியதும் மண் விட்டது, திரும்பி வந்தார். கம்பெனி அதை டூட்டியில் சேர்த்துக்கொண்டது. தினமும் சாயங்காலம் தோப்பு மண் ஒட்டிய காலோடு அவர் வீட்டுக்குள் வருவார். கால் கழுவச் சொல்லி லூர்தம்மாள் ஒரு நாளும் தண்ணீர் எடுத்து வைத்ததில்லை. தரையில் உதிர்ந்த மண்ணைக் கூட்டியதும் இல்லை.