துடைத்து வைத்த வைஃபை

பதினோரு மணிக்கு மகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. பத்தே முக்காலுக்கு வீட்டில் இன்டர்நெட் இல்லை. அவளுடைய அப்பா, பஸ் டிரைவர், தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நின்றார். ஹால், மாடி, சமையலறை என மூன்று இடத்திலும் வைஃபை பெட்டிகள் சமர்த்தாக மினுக்கிக்கொண்டிருந்தன.

“சிக்னல் ஃபுல்லா காட்டுதே கண்ணு, அப்புறம் என்ன கேடு?”

“வைஃபை இருக்குப்பா, இன்டர்நெட்தான் இல்ல.”

இரண்டும் வேறு வேறா என்ற குழப்பத்தோடே அவர் ஒவ்வொரு பெட்டியாக அணைத்து மறுபடி போட்டார்.

“ரெண்டு தட்டு தட்டுங்களேன், பஸ்ஸை அப்படித்தானே கிளப்புவீங்க?” என்றாள் மனைவி.

“இதை யாராவது தொட்டீங்களா?” என்றாள் மகள்.

“காலைலதான் துடைச்சேன். கேமராவுல வீடு பளிச்சுனு தெரிய வேணாமா?” என்றார் அப்பா.

மூன்றையும் ஒன்றாகக் கழற்றித் துடைத்து, கைக்கு வந்ததை வந்த இடத்தில் மாட்டியிருந்தார் மனிதர். மகள் ஓடிப்போய் ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். ஹாலில், வெளியிலிருந்து வரும் லைனோடு சேர வேண்டிய மெயின் பெட்டி மாடியில் கிடந்தது. மூன்றும் தங்களுக்குள் ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தனவே தவிர, ஒன்றுக்கும் வெளியுலகத்தோடு பேச்சுவார்த்தை இல்லை.

“எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, இதுல என்னடி மெயினு, சைடு?” என்றார் அப்பா.

மகள் பெட்டிகளை மாற்றி மாட்டினாள். பத்து ஐம்பத்தொன்பதுக்கு இன்டர்நெட் வந்தது. “குட் மார்னிங் சார்” என்று அவள் சிரித்தபோது, எந்தப் பெட்டியைத் தாண்டி நடந்தால் எது போகுமோ என்று புரியாமல், டிரைவர் மாடிப்படியிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.