ஆறுமுகநயினார் கொண்டுவந்த கோடி

அம்மை கடைசியாகச் செய்த வேலை, ரேஷன் சோளத்தில் கல் பொறுக்கியது. சுளகில் பாதிதான் ஆகியிருந்தது. "வயிறு என்னமோ செய்யுது. மிச்சத்த நீ பாருளா" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் படுத்தாள். பிறகு எழுந்து உட்காரவே இல்லை.

வடிவம்மாள் என்ற என் அம்மையைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததெல்லாம், அவள் ஆறுமுகநயினாரின் தங்கை என்பதுதான். தூத்துக்குடிக் கடைத்தெருவில் மாமாவுக்குப் பெரிய ஜவுளிக்கடை. அப்பா கொழும்புக்குக் கப்பலேறியவர். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில், மருந்துக்கென்று ஏற்றுமதிக்குப் போகும் நிலாவரை இலையை ஆய்ந்து அம்மை என்னை வளர்த்தாள். விடியுமுன் கடற்கரை வழியாகப் போய் இருட்டிய பின் வருவாள். தங்கை கூலிக்குப் போவது அண்ணனுக்குக் கேவலமாம். அண்ணன் ஒரு வேளைச் சோறு போடாதது யாருக்கும் கேவலமாகத் தெரியவில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டை முடிந்த வருஷம். துணிக்குக் கட்டுப்பாடு, கார்டு காட்டினால்தான் சேலை. அம்மையிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கிழிந்த இடமெல்லாம் முடிச்சுப் போட்டு, இனி முடிச்சுப் போடவும் இடமில்லாத சேலை.

மறுநாள் வலியில் பல்லைக் கடித்தாள். அடுத்த வீட்டுக் கிருபை ஜட்கா பிடித்து வந்து வாசலில் நிறுத்தினாள்.

"எந்திரிங்க மதினி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வண்டி அண்ணன் கட முன்னாலதான போகணும்? இந்தக் கோலத்துல நான் வரமாட்டேன்."

"அப்ப என் சேலையக் கெட்டுங்க. நான் பாவாடையோட வீட்டுக்குள்ள கெடக்கேன்."

"எரவல் சேலையில போனா அண்ணனுக்கு அதவிட அசிங்கம்."

"நோவுல கெடக்கது நீங்களா, ஒங்க அண்ணாச்சியா?"

அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை அந்த அளவுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள்.

நான் கார்டை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். மாமா திண்டில் சாய்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறையச் சேலை.

"மாமா, அம்மைக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு சேல வேணும்."

"சரக்கு இல்லளா."

"அந்தா இருக்கே."

"அது சொல்லிவச்ச சரக்கு. வெரல நீட்டுதா பாரு, பெரிய மனுஷி! பொங்கலுக்குச் சீரோட சேல வரும்னு ஒங்கம்மைகிட்டச் சொல்லு, போ."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

திரும்பி வந்தபோது வாசலில் ஜட்கா இல்லை. வண்டிக்காரன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். பொழுது சாய்வதற்குள் அம்மை இறந்துபோனாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்தாமல் எங்களில் செத்த பெண்ணைத் தூக்கமாட்டார்கள். மறுநாள் உச்சிவெயில்வரை பிணம் காத்துக் கிடந்தது. அண்ணன் மேளத்துக்குச் சொல்லியனுப்பி, ஆள் சேர்த்துக்கொண்டு வரவேண்டுமே! தாம்பாளத்தில் அரக்குக் கரை போட்ட சேலையை ஏந்தி ஆறுமுகநயினார் வந்தார். சந்து வழியாக வந்தால் நாலு பேர் பார்க்கமாட்டார்கள் என்று தெருக்களைச் சுற்றி வந்தார். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கரையைத் தடவிப் பார்த்தார்கள்.

"நயம் சரக்குல்லா!"

"அண்ணன்னா இப்படில்லா இருக்கணும்."

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எந்தங்கச்சி ஒரு கொறையும் இல்லாமப் போகணும்."

"நேத்து மத்தியானம் கொண்டாந்திருந்தா மதினியே கெட்டியிருப்பாக, அண்ணாச்சி" என்றாள் கிருபை.

"எழவு வீட்டுல என்ன பேச்சுளா இது?" என்று பெரியவர்கள் அவளைத்தான் அதட்டினார்கள்.

கோடியைப் போர்த்தி, கடைத்தெரு வழியாகவே தூக்கிப் போனார்கள். இப்போது அண்ணனுக்கு அசிங்கமில்லை அல்லவா? சுடுகாட்டில் அதை உருவி எடுத்துவிட்டார்களாம்.

ஆறுமுகநயினாரும் செத்து வெகுகாலமாகிறது. சாவு வீடுகளில் பேச்சு வந்தால் அந்தச் சேலையின் கரை எத்தனை அகலம் என்று இன்னமும் கையை விரித்துக் காட்டுகிறார்கள். அம்மைக்கு வந்தது என்ன நோய் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.