கழற்றிய கொண்டி

"தீர்வுன்னா பேப்பர்ல இருக்கணும் மேடம், கதவுல கை வைக்கக் கூடாது," என்றார் கல்லூரி முதல்வர்.

விரிவுரையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அன்றாடச் சமூகப் பிரச்சினைகளும் தீர்வுகளும்' என்ற புதுப் பாடத்தை அவர் தலையில் கட்டியதே இந்த மனிதர்தான். செய்தித்தாளில் தேடாதீர்கள், உங்களை வாட்டுகிற பிரச்சினையை எடுங்கள், சரிசெய்துவிட்டு வந்து பேசுங்கள் என்று முதல் வகுப்பிலேயே விரிவுரையாளர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்.

'வாயாடி' என்று பெயரெடுத்த மாணவி அப்படியே செய்தாள். இரண்டாம் மாடியில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடந்தது. விருந்தினர் வரும்போது பளிச்சென்று இருக்க வேண்டுமாம். சாவி முதல்வரின் மேசைக்குள். பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மயங்கியே விழுந்தாள். வாயாடி கேட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் திருப்புளியால் கொண்டியைக் கழற்றி, பூட்டோடு சேர்த்து முதல்வரின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

இடைநீக்கம். தேர்வு எழுத முடியாது, ஒரு வருடப் படிப்பு பாழ்.

"நீங்க இதுல தலையிடாதீங்க. உங்க வேலைக்குத்தான் ஆபத்து," என்றார் முதல்வர். விரிவுரையாளர் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அந்த மௌனம் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தப் பாடத்துக்காக நடந்த மாணவர் கண்காட்சியில் முதல் பரிசு எதற்கு? பக்கத்தில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று காட்டும் கைப்பேசிச் செயலிக்கு. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? இரண்டாம் மாடிக் கதவு பூட்டிக் கிடந்த நாளிலேயே அதற்கும் 'திறந்திருக்கிறது' என்று பச்சைப் புள்ளி வைத்திருந்தார்கள் செயலியைச் செய்த பையன்கள்.

நடுவராக வந்த பல்கலைக்கழக அம்மையார் பரிசு கொடுத்து முடித்ததும் கழிப்பறை எங்கே என்று மெதுவாகக் கேட்டார். முதல்வர் செயலியைக் காட்டியபடி தானே வழிநடத்தினார். விரிவுரையாளரும் பின்னால் போனார். கதவு சும்மா சாத்தியிருந்தது. இரண்டு மாணவிகள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"எங்க பொண்ணுங்களுக்காக எப்பவும் திறந்தே வச்சிருக்கோம் மேடம்," என்றார் முதல்வர், வாய் கூசாமல்.

இனியும் பேசாமலிருந்தால் தான் நடத்தியது பாடமே இல்லை என்று விரிவுரையாளருக்குப் பட்டது.

"திறந்தது இவர் இல்ல மேடம். திறந்த பொண்ணு கேட்டுக்கு வெளிய நிக்கறா. உள்ள விடக் கூடாதுன்னு இவரோட உத்தரவு."

கொண்டி இருந்த இடத்தில் திருகாணித் துளைகளைப் பார்த்த அம்மையார், கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டார்.

"நானும் காலேஜ்ல படிச்சவதான். அடக்கிக்கிட்டு நிக்கறது பழக்கந்தான். முதல்ல அந்தப் பொண்ணு வரட்டும்."